தசை மின் உணரி காட்டும் சதவீதத்தை நம்பி ஓட்டப் பயிற்சியைத் தொடங்கலாமா?

ஓடுதளம்:

வணக்கம். நீளந்தாண்டுதலிலும் மும்முறைத் தாண்டுதலிலும் இளையோருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். என்னிடம் பயிலும் 19 வயது வீராங்கனை ஒருவருக்கு இடது முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது. தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துப் பொருத்திய அறுவை சிகிச்சை முடிந்து இப்போது 11 வாரங்கள் ஆகின்றன. முட்டி முழுமையாக நீள்கிறது, வலி இல்லை. ஆனால் நாள் முழுவதும் நடமாடினால் மாலையில் இலேசாக நீர் கோத்துக்கொள்கிறது.

தோலின்மேல் ஒட்டினால் தசையின் மின்செயல்பாட்டைக் கைப்பேசியில் காட்டும் கம்பியில்லா உணரிகள் இரண்டு அண்மையில் எங்கள் குழுவுக்குக் கிடைத்தன. இரு தொடைகளிலும் முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உட்புறம் திரண்டிருக்கும் தசையின்மேல் அவற்றை ஒட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து அரைக்குந்து நிலையில் அவரை நிற்கச் செய்து பார்க்கிறோம். வலக்காலோடு ஒப்பிட்டால் இடக்கால் 62 சதவீதம் என்று திங்களன்று செயலி காட்டியது, புதனன்று 88, வெள்ளியன்று 71. புதன்கிழமை துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், வெள்ளிக்கிழமை யாரிடமும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டே நாளில் ஒரு தசை இவ்வளவு தேறி, அடுத்த இரண்டு நாளில் இவ்வளவு தளருமா என்பது என் முதல் ஐயம். 90 சதவீதத்தை எட்டிவிட்டால் மெதுவோட்டம் தொடங்கலாம் என்று செயலியின் கையேடு சொல்கிறதே, அதை ஏற்கலாமா என்பது இரண்டாவது. இயன்முறை மருத்துவருடன் அடுத்த சந்திப்புக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. அதுவரை இந்தக் கருவியைப் பயன்படுத்துவதா, பெட்டியில் வைத்து மூடிவிடுவதா என்று முடிவெடுக்க இயலாமல் இங்கே கேட்கிறேன்.

இயன்முறையாளர்:

எண் ஏன் ஏறி இறங்குகிறது என்பதைக் கருவியின் நுட்பம் அறிந்தவர்கள் சொல்லட்டும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். நரம்பு வழியாக வரும் ஆணை தசை இழைகளை எட்டும்போது ஒவ்வோர் இழையின் சவ்விலும் ஒரு மின்னலை ஓடுகிறது. உணரி தனக்குக் கீழே ஒரே சமயத்தில் ஓடும் அத்தகைய ஏராளமான அலைகளின் கூட்டுத்தொகையைத் தோலுக்கு வெளியே இருந்தபடி பதிவு செய்கிறது. ஆகவே தசைக்கு எவ்வளவு ஆணை வந்தது என்பதற்குத்தான் அது தோராயமான சாட்சி. வந்த ஆணையைக் கொண்டு தசை எவ்வளவு விசை எழுப்பியது என்பதற்கு அது சாட்சி ஆகாது. மெலிந்த தசை அதே எடையைத் தாங்குவதற்குக் கூடுதல் இழைகளை வேலைக்கு அழைக்க வேண்டியிருப்பதால், பலவீனமான காலில் எண் உயர்ந்து நிற்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீராங்கனையிடம் கவனிக்க வேண்டியது மாலையில் கோக்கும் அந்த நீர். மூட்டுக்குள் நீர் சேர்ந்து மூட்டுறை விரியும்போது, அங்குள்ள உணர்நரம்புகள் தண்டுவடத்துக்கு அனுப்பும் செய்தி, முன்தொடைத் தசைக்குச் செல்லும் ஆணையை அடக்கிவிடுகிறது. நலமான முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த ஆய்வில், 20 முதல் 30 மில்லிலிட்டர் அளவிலேயே நீங்கள் உணரி ஒட்டியிருக்கும் அந்த உட்புறத் தசை அடங்கத் தொடங்கியது. முன்தொடையின் மற்றப் பகுதிகள் அடங்குவதற்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வேண்டியிருந்தது. வலி இல்லாவிட்டாலும் இந்த அடக்கம் நிகழும். நீங்கள் மூன்று நாளும் ஒரே நேரத்தில்தான் அளந்தீர்களா? காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் அளந்திருந்தால், வேறுபாட்டின் ஒரு பகுதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சதவீதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரும்பாலான செயலிகள் தொடக்கத்தில் ஒவ்வொரு காலையும் முடிந்த மட்டும் இறுக்கச் சொல்லி, அந்த உச்சத்தை 100 என வைத்துக்கொண்டு, பின்னர் வருவதை அதன் பங்காகக் காட்டுகின்றன. தோலின் தடிமன், அடியில் உள்ள கொழுப்பு, ஒட்டிய இடம் ஆகியவை காலுக்குக் கால் வேறுபடுவதால் இப்படிச் செய்வது முறையானதுதான். ஆனால் ஆணை அடக்கப்பட்ட காலால் தன் உண்மையான உச்சத்தை எட்டவே முடியாது. கணக்குக்காகச் சொல்கிறேன்: நல்ல காலின் உச்சம் 400 மைக்ரோவோல்ட், அரைக்குந்தில் 160 என்றால் அது 40 சதவீதம். அறுவை செய்த காலின் உச்சம் 200தான் வருகிறது, அரைக்குந்தில் 80 எழுகிறது என்றால் அதுவும் 40 சதவீதம். திரையில் இரு கால்களும் சமம் என்று பச்சை விளக்கு எரியும். எந்தக் குறையைக் கண்டுபிடிக்க உணரியை ஒட்டினோமோ, அந்தக் குறையையே வகுத்தல் கணக்கு விழுங்கிவிடும்.

சுவரோர அரைக்குந்தில் உடல் எடையைச் சத்தமில்லாமல் நல்ல காலுக்கு மாற்றிக்கொள்வதும் எளிது. எடை பார்க்கும் கருவிகள் இரண்டை ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே வைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அந்த மலிவான சோதனை பல நேரங்களில் விலையுயர்ந்த உணரியைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது.

90 என்னும் கையேட்டு வரம்பை விட்டுவிடுங்கள். விளையாட்டு மருத்துவத்தில் 90 சதவீதம் என்ற எல்லை வழக்கில் இருப்பது உண்மைதான். ஆனால் அது விசைமானியில் அளந்த முன்தொடை வலிமைக்கும் ஒற்றைக்கால் தாவலின் தூரத்துக்கும், அதுவும் களத்துக்குத் திரும்பும் இறுதிக் கட்டத்தில் பார்க்கப்படும் எல்லை. யாரோ அதைப் பெயர்த்தெடுத்து இங்கே நட்டிருக்கிறார்கள். மெதுவோட்டத்தை 12 வாரங்களுக்கு முன் தொடங்க நாங்கள் பொதுவாக அவசரப்படுவதில்லை. அப்போதும் நாள்காட்டி மட்டும் போதாது: மாலை நீர் நின்றிருக்க வேண்டும், படியிலிருந்து ஒற்றைக்காலில் இறங்கும்போது முட்டி உள்நோக்கிச் சரியாதிருக்க வேண்டும், வலிமையை விசைமானியில் அளந்திருக்க வேண்டும். தாண்டும் போட்டிக்குத் திரும்புவதற்கு 9 மாதங்களாவது காத்திருக்குமாறு சொல்வதே இன்றைய வழக்கம்.

சமிக்ஞை:

உயிர்மருத்துவக் கருவிகளில் பணிபுரிபவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். 62, 88, 71 என்று வந்ததில் தசையின் பங்கு எவ்வளவு, ஒட்டிய கையின் பங்கு எவ்வளவு என்பது இப்போதைக்கு உங்களுக்குத் தெரியாது. ஆனால் அதை ஒரே மாலையில் கண்டறிந்துவிடலாம்.

தோலின்மேல் கிடைக்கும் இந்தச் சமிக்ஞை சில மைக்ரோவோல்ட்டில் தொடங்கி, மிகுந்தால் சில மில்லிவோல்ட் வரை போகும். பயனுள்ள பகுதி ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. சுவர் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதன் நடுவே வந்து விழுகிறது. உணரி தோலின்மேல் ஆடுவதால் எழும் பொய் அலைகள் பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தாலும், தாவி இறங்கிக் குதிகால் தரையில் மோதும் கணத்தில் அந்த வேலியைத் தாண்டி வந்துவிடும். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையை, இவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலிருந்து எடுத்து, எதிர்மறைப் பகுதிகளை மடக்கி, வழுவழுப்பாக்கி, கடைசியில் ஒற்றை எண்ணாகக் கைப்பேசி காட்டுகிறது. வினாடிக்கு எத்தனை முறை மாதிரி எடுக்கிறது, எந்த வடிகட்டி வைத்திருக்கிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். மூலச் சமிக்ஞைக்கு வினாடிக்கு 1,000 மாதிரிகளாவது வேண்டும். விடை சொல்ல மறுத்தால், அந்த எண்ணுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய மதிப்பும் தெரிந்துவிடும்.

ஒட்டும் இடம்தான் பெரும்பாலும் குற்றவாளி. 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி வகுத்த சீனியம் பரிந்துரைகளின்படி, உங்கள் தசைக்கு இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்காலின் உட்பக்கத் தசைநாருக்கு முன்னே உள்ள மூட்டு இடைவெளி வரை ஒரு கோடு போட்டு, அதில் மேலிருந்து 80 சதவீதத் தொலைவில், கோட்டுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக, மையத்துக்கு மையம் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு மின்முனைகளும் அமைய வேண்டும். கண்ணால் பார்த்து ‘இங்கேதான்’ என்று ஒட்டினால் ஒரு சென்டிமீட்டர் விலகுவது சாதாரணம். நரம்பு தசைக்குள் நுழைந்து இழைகளைத் தொடும் வட்டாரத்தின்மேல் மின்முனைகள் அமைந்துவிட்டால், இரு பக்கமும் எதிரெதிராக ஓடும் அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் எண் சரிந்துவிடும். முட்டி மடங்கும்போது அந்த வட்டாரமே தோலுக்கு அடியில் நகர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். வியர்வையில் ஓரம் கிளம்பிய ஒட்டியைத் தட்டித் தட்டி மறுபடி பயன்படுத்துவது பல குழுக்களில் நான் கண்ட பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனிச் சோதனை. வீராங்கனையைப் படுக்கச் சொல்லித் தசையைத் தளர விட்டு எண்ணைப் பாருங்கள். அது ஏறத்தாழத் தரையில் கிடக்க வேண்டும். தளர்ந்த நிலையிலேயே உணரியை விரல்நுனியால் மெல்லத் தட்டுங்கள். எண் எகிறினால், தாவலின்போது அது காட்டுவதில் பாதி வெறும் குலுக்கல். கடைசியாக, நல்ல காலில் ஒட்டி, ஒரே நிலையில் அளந்து, முழுவதும் பிரித்தெடுத்து, துடைத்து, மறுபடி ஒட்டி அளந்து, மூன்றாம் முறையும் அப்படியே செய்யுங்கள். அரை மணி நேரத்தில் தசை மாறியிருக்காது. மூன்று எண்களுக்கும் இடையில் வரும் வேறுபாடு எதுவோ, அதற்குள் அடங்கும் எந்த ஏற்ற இறக்கத்தையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவே கூடாது.

பழைய கோல்கீப்பர்:

மேலே இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் கருவியைப் பெட்டியில் வைத்து மூட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் வாரத்தில், முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ‘துண்டை அமுக்குங்கள்’ என்றார்கள். அமுக்க வேண்டும் என்று தெரிகிறது, மனம் ஆணையிடுகிறது, ஆனால் தொடை ஈரமாவைப் போலக் கிடக்கிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என் காலே என் பேச்சைக் கேட்காத அந்த நிலையைத்தான் தாங்க முடியவில்லை.

என் இயன்முறை மருத்துவர் முதலில் உணரியை நல்ல காலில் ஒட்டி, அமுக்கும்போது ஒலி எழுவதைக் கேட்கச் செய்தார். பிறகு அதே உணரியை மற்றக் காலில் ஒட்டி, ஒலி எழும் வரம்பை மிகக் கீழே இறக்கி வைத்தார். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சின்னக் கீச்சொலி. கண்ணுக்குத் தசை அசைந்ததாகத் தெரியவே இல்லை, ஆனால் ஒலி வந்தது. அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு எதைச் செய்தபோது அது வந்தது என்று தேடித் தேடித்தான் ஆணை போகும் வழியை மீண்டும் கண்டுகொண்டேன். வாரத்துக்கு வாரம் அவர் வரம்பை ஏற்றிக்கொண்டே போனார். நாளுக்கு நாள் ஒப்பிடவில்லை, இன்னொரு காலோடும் ஒப்பிடவில்லை. அந்த அமர்வுக்குள் முந்தைய முயற்சியைவிட இந்த முயற்சி மேலா என்று மட்டுமே பார்த்தோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில வாரங்களில் நான் திரையை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன். இடுப்பை மடக்கிக் காலைச் சற்றே தூக்கினாலும், தொடையின் முன்பின் தசைகளை ஒருசேர இறுக்கினாலும் திரையில் அளவைக் காட்டும் கம்பம் உயரும். துண்டின்மேல் அழுத்தமோ கூடாது. திரையைத் திருப்பி வைத்ததும் என் சாதனை சரிந்தது. அதன்பின் மூன்று முயற்சிக்கு ஒரு முறைதான் திரையைக் காட்டினார். பிறகு ஐந்துக்கு ஒன்று.

இயன்முறையாளர்:

கோல்கீப்பர் சொன்னதுதான் இந்தக் கருவியின் சரியான இடம், நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒலியையும் திரையையும் துணையாகக் கொடுத்தால், ஒரு நரம்பணுவும் அது இயக்கும் இழைகளும் அடங்கிய ஒற்றை இயக்க அலகைக்கூட மனிதர்கள் விருப்பப்படி இயக்கவும் நிறுத்தவும் பழகிக்கொள்வார்கள் என்று ஜான் பாஸ்மாஜியன் 1963இலேயே காட்டினார். மறுவாழ்வு மருத்துவத்தில் இந்த முறை வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எப்போதும் திரையைப் பார்த்தே பழகியவர் திரை இல்லாதபோது தடுமாறுவார் என்பதும் இயக்கக் கற்றலில் நன்கு அறியப்பட்டது. ஆகவே உங்கள் வீராங்கனைக்கு உணரியை மதிப்பெண் அட்டையாகக் காட்டாமல் ஒலியெழுப்பியாக மட்டும் கொடுங்கள். ஒரே ஒட்டலில், ஒரே அமர்வுக்குள், அறுவை செய்த காலில் மட்டும். உச்ச இறுக்கம் தேவைப்பட்டால் முட்டியை 60 முதல் 90 பாகை வரை மடக்கிய நிலையில் அசைவின்றிச் செய்ய வேண்டும். முழு நீட்டலுக்கு அருகில் தடைக்கு எதிராக உதைப்பது புதிய தசைநாரை இழுக்கும். அதையும் அறுவை செய்த மருத்துவரின் ஒப்புதலோடு மட்டும். மின்தூண்டல் சிகிச்சை நடக்கும்போது அளக்காதீர்கள். உணரி அப்போது தசையைக் கேட்காது, தூண்டும் கருவியைத்தான் கேட்கும்.

ஓடுதளம்:

அனைவருக்கும் நன்றி. மூன்று நாளும் நேரம் வேறுதான்: திங்களும் வெள்ளியும் மாலை, புதன் காலை. எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னொரு கேள்வி: காயமில்லாத மற்ற வீரர்களுக்கு, எந்தப் பயிற்சியில் எண் அதிகம் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது பயன் தருமா? பின்தொடைத் தசை கிழிவதுதான் எங்கள் பிரிவில் ஓயாத தொல்லை.

விரைவோட்டம்:

அந்த வழியில் நான் ஒரு பருவம் முழுவதும் போய்த் திரும்பினேன். எண் பெரிது என்றால் பயிற்சி சிறந்தது என்று எண்ணுவதுதான் அடிப்படைப் பிழை. தசை நீண்டுகொண்டே தாங்கும்போது, சுருங்கிக்கொண்டே அதே விசையைத் தருவதைவிடக் குறைந்த மின்செயல்பாடே போதுமானது. மண்டியிட்டு, கணுக்காலைத் துணை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னே சாய்க்கும் நார்டிக் பயிற்சியின் பலனே அந்த நீட்சித் தாங்கலில்தான் இருக்கிறது. பின்தொடைக் காயங்களைக் குறைப்பதில் அதற்கு இணையான சான்றுள்ள பயிற்சிகள் மிகச் சில. உணரியின் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பயிற்சியின் மதிப்பைத் தவறாக எடைபோட்டிருப்பேன்.

எடையைப் பாதியாக்கி, தசை ஓயும் வரை செய்தாலும் எண் ஏறிக்கொண்டே போகும், ஏனெனில் களைத்த இழைகளுக்கு ஈடாகப் புதிய இழைகள் அழைக்கப்படுகின்றன. எண்ணின் ஏற்றம் வலிமையைக் காட்டுகிறதா களைப்பைக் காட்டுகிறதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. களைப்பை அறிய அலைவெண் கீழிறங்குவதைப் பார்க்கலாம் என்பார்கள்; அசைவின்றி ஒரே அளவில் இறுக்கி நிற்கும்போது அது நன்றாகவே வேலை செய்கிறது, ஓட்டத்தில் அவ்வளவாக இல்லை. எனக்குப் பயன்பட்டது ஒன்றே ஒன்றுதான்: அளவை விட்டுவிட்டு, நேரத்தைப் பார்த்தது. விரைவோட்டத்தில் கால் முன்னே வீசி முடியும் தறுவாயில், பாதம் தரையைத் தொடும் முன்னரே, பின்தொடை விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீரருக்கு ஒரு பக்கம் அது தாமதமாவதைப் பார்த்தோம். ஆனால் அதற்கு மூலச் சமிக்ஞையும் அதோடு நேரம் பொருந்திய காணொளியும் தேவைப்பட்டன; கைப்பேசிச் செயலியின் கம்பம் போதவில்லை.

ஓடுதளம்:

சமிக்ஞை சொன்ன சோதனையை நேற்று மாலை செய்தேன். தளர்ந்த நிலையில் எண் அடங்கியே இருந்தது. விரலால் தட்டியபோது கம்பம் பாதி உயரத்துக்கு எகிறியதைக் கண்டு இருவரும் சிரித்துவிட்டோம். நல்ல காலில் மூன்று முறை பிரித்து ஒட்டியதில், முதல் அளவை 100 என்று வைத்தால் இரண்டாவது 79, மூன்றாவது 94. அந்தப் பெண் அதைத் தாளில் எழுதி, அருகில் வெள்ளிக்கிழமையின் 71ஐயும் எழுதிப் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்றார். எடை பார்க்கும் கருவிகள்தான் அதைவிடத் தெளிவாகப் பேசின: அரைக்குந்தில் வலப்பக்கம் 33 கிலோ, இடப்பக்கம் 21. இரண்டு வாரங்களுக்கு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, எண்களை மறைத்துவிடுகிறேன். விசைமானிச் சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஒட்ட எளிய வழி ஏதேனும் உண்டா? பேனாக் குறி குளித்தால் அழிந்துவிடுகிறது.

சமிக்ஞை:

உண்டு. தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தொடையின்மேல் வைத்து, உணரியின் விளிம்பையும், முழங்கால் சில்லின் மேல்விளிம்பையும், தொடையில் உள்ள மச்சங்களையும் அறுவைத் தழும்பையும் அழியா மையால் தாளில் வரைந்துகொள்ளுங்கள். அடுத்த முறை மச்சத்தின்மேல் மச்சமும் தழும்பின்மேல் தழும்பும் பொருந்துமாறு தாளை வைத்து, உணரிக்குரிய இடத்தில் வெட்டிய துளை வழியே தோலில் குறியிட்டால் போதும். வரையும்போதும் ஒட்டும்போதும் முட்டி ஒரே கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தோல் நகர்ந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் தனித் தாள், ஓரத்தில் இடம் வலம் என்று எழுதி வையுங்கள்.